ரெண்டாம் டிகிரித் தட்டு

இந்த மோதரத்தைத்தானே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுலருந்து பாத்துட்டு வர்றீங்க? பாருங்க தம்பி, நல்லாவே பாருங்க. கவராயமும் மூலைமட்டமும். இல்லீங்க, நான் எஞ்சினியர் இல்லீங்க. காலேஜுல பரீட்சை செக்சன்ல சூப்பரிண்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். இது எங்க லாட்ஜ் மோதரம்.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. லாட்ஜுன்னா நம்ம ஊர்ல ரூம் போடற எடந்தானே. நான் சேந்த புதுசுல என்ற சம்சாரம் மூணு மாசம் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசலை. மாசத்துல ரெண்டாவது சனிக்கெழமை சாயந்திரமானா கறுப்பு கோட்டு, கையில தோல் பெட்டி, 'லாட்ஜுக்குப் போயிட்டு வந்தர்றேன்'னு ஒருத்தன் கெளம்பினா எந்தப் பொம்பளைதான் நம்புவா? பெட்டிக்குள்ள என்னன்னு கேட்டா சொல்லமாட்டேன். ஒருநாள் அவளே தொறந்து பாத்துட்டா. உள்ள ஒரு ஏப்ரன். சமையல் வேலைக்குப் போறீங்களான்னு கேட்டா.

ஃப்ரீமேசன் லாட்ஜுங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்கார நாட்டுல கோயில் கட்டற கல்தச்சனுங்க ஒரு சங்கம் வெச்சிருந்தாங்களாம், அந்த வழியில வந்ததுன்னு சொல்லுவாங்க, ஏப்ரனும் அதனாலதான். எங்க பில்டிங்கை அக்கம்பக்கத்துல தலைவெட்டி பங்களாம்பாங்க. தலையெல்லாம் யாரும் வெட்டறதில்லீங்க. வக்கீலு, டாக்டரு, மில்லு ஓனரு, என்னாட்டம் சம்பளக்காரன், எல்லாரும் ஒரே வரிசையில உக்காருவோம். ஒருத்தரை ஒருத்தர் பிரதர்னுதான் கூப்பிடோணும். சாமியைப் பத்தியும் பேசக்கூடாது, கட்சியைப் பத்தியும் பேசக்கூடாது. மேல ஹால்ல சடங்கெல்லாம் முடிஞ்சதும் கீழ எறங்கி வந்து சாப்பாடு. உண்மையைச் சொன்னா பாதிப்பேரு அந்தச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்குந்தான் வருவாங்க.

மூணு படி இருக்குதுங்க. டிகிரின்னு சொல்லுவோம். மொதல்ல அப்ரெண்டிஸ், அப்புறம் ஃபெலோ கிராஃப்ட், அப்புறம் மாஸ்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் கதவைத் தட்டறதுக்கு ஒரு முறை உண்டு. அது எப்படின்னு மட்டும் கேட்டராதீங்க, சத்தியம் பண்ணியிருக்கறேன். மூணாவது டிகிரி நடத்தறப்ப ரெண்டாவது டிகிரிக்காரங்க உள்ள இருக்கக்கூடாது. எந்திரிச்சு வெளிய போயிரோணும். கதவுக்கு வெளிய ஒருத்தர் உருவின வாளோட நிப்பாரு. அவருக்கு டைலர்னு பேரு. துணி தைக்கற டெய்லர் இல்லீங்க, இது வேற. கதவுக்கு உள்பக்கம் ஒருத்தர். அது நானு. பதினாறு வருசம் நாந்தான்.

மத்தவங்கெல்லாம் அந்தப் பதவியில ஒரு வருசம் இருந்துட்டு மேல போயிருவாங்க. எனக்கு அதுதான் புடிச்சுது. தட்டு சரியா இருந்தா உள்ள சொல்லோணும், உத்தரவு வந்தா தொறக்கோணும். சரியில்லைன்னா தொறக்கக்கூடாது. அவ்வளவுதான். பரீட்சை ஹால்லயும் நான் அப்படித்தான். அரைமணி நேரத்துக்கு மேல லேட்டா வந்த ஒருத்தனை உள்ள விட்டதில்லை, கால்ல விழுந்தாலுஞ்சரி. அதுக்காக என்னை யாரும் குத்தம் சொன்னதில்லீங்க. கண்டிப்பான ஆளுன்னு பேரு வந்துது.

இப்ப நான் வர்றது நாச்சிமுத்து வீட்லருந்துதான். பொள்ளாச்சில பம்புசெட்டு ஃபவுண்ட்ரி வெச்சிருந்தாரு. இன்னைக்கு அவருக்குத் தெவசம், பன்னெண்டாவது வருசம். அவரு பொண்ணு எங்க காலேஜுல படிச்சுது, அப்படிப் பழக்கம். மோதரத்தைப் பாத்துட்டு இதே கேள்வியைத்தான் அவரும் கேட்டாரு. நாந்தான் லாட்ஜுல சேத்துவுட்டேன். அப்ப அவருக்கு அம்பத்திரண்டு வயசு.

அப்படியொரு சந்தோசத்தோட வந்து சேந்த ஆளை நான் பாத்ததில்லீங்க. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் காரு டிக்கி நெறைய எளநி. தூக்குப்போசில நாட்டுக்கோழி வறுவல். வக்கீலும் டாக்டரும் பிளேட்டை நீட்டிக்கிட்டு அவரைச் சுத்தி நிப்பாங்க. அவரு கூடப்பொறந்தவங்க இல்லாத ஆளு, அவங்கப்பாவுக்கு ஒத்தைக்கொரு பையன். ஒருநாள் சாப்பிடறப்ப எங்கிட்டச் சொன்னாரு, "ஃபவுண்ட்ரில நான் மொதலாளி, ஊட்ல அப்பா. பிரதர்னு கூப்பிட இங்கதானுங்க ஆளிருக்குது." சொல்லிட்டு எனக்கு இன்னொரு துண்டு கறி எடுத்து வெச்சாரு.

எங்க சடங்குல தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் இதுக்கெல்லாம் ஆளுக்கொரு தத்துவம் சொல்லுவோம். நேர்மை, சமத்துவம், அப்படி. எங்கள்ல பாதிப்பேரு அந்தச் சாமானைக் கையில புடிச்சதில்லை. நாச்சிமுத்து மொத நாளே தூக்குக்குண்டை எடுத்து, ஹாலு தூணுக்கு நேராப் புடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பாத்துட்டு, தூணு ஒரு வெரக்கடை சாஞ்சிருக்குதுங்கன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். பொறவு அளந்து பாத்தா நெசமாவே சாஞ்சுதான் இருந்துது.

இங்கிலீசுதான் அவருக்கு வரலை. அடுத்த டிகிரிக்குப் போகோணும்னா எல்லார் முன்னாலயும் நின்னு கேள்விக்குப் பதில் சொல்லோணும், மனப்பாடமா, இங்கிலீசுல. ஒரு வார்த்தை மாறக்கூடாது. சொல்லிக்குடுக்கற பொறுப்பு எனக்கு. தமிழ் எழுத்துல நோட்டு போட்டு எழுதி, ஃபவுண்ட்ரில உலை முன்னால நின்னு படிப்பாராம். மொத டிகிரியில இருந்து ரெண்டாவதுக்கு எப்படியோ தாண்டிட்டாரு. மூணாவதுக்கு நிக்கறப்ப வந்துது வெனை. ஃபெலோ கிராஃப்ட்னு அவரு நாக்குக்கு வரவே இல்லை. பெல்லோ கிராப்புன்னாரு. கிராப்பு வெட்டற கிராப்பு.

ஹாலே சிரிச்சுதுங்க. அவரும் சிரிச்சாரு. விட்டுரலாம்னு லாட்ஜுத் தலைவரு சொன்னாரு, அவரையும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். நாந்தான் முடியாதுன்னேன், இன்னும் தயாராகலைன்னேன். ஏன்னா அவரை நான் சேத்துவுட்டவன். என்ற ஆளு தப்பும் தவறுமா மேல போனா எனக்குத்தானே அசிங்கம்? ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி. அப்பவும் கிராப்பு. மூணாந்தரமும் கிராப்பு. ஒண்ணரை வருசம் ரெண்டாவது டிகிரியிலயே நின்னாரு. எம்மேல கோவிச்சுக்கலீங்க. எளநி மட்டும் கொறையவே இல்லை.

அந்தச் சனிக்கெழமை வேற ஒரு பையனுக்கு மூணாவது டிகிரி. டாக்டர் ஒருத்தரோட மகன், ஹரீஷ்னு பேரு. நாச்சிமுத்துவுக்கு ஒரு வருசம் பொறவு சேந்தவன். கான்வென்ட்டுல படிச்சவன், தண்ணி மாதிரி ஒப்பிச்சான். ரெண்டாவது டிகிரிக்காரங்க வெளிய போகலாம்னு மாஸ்டர் சொன்னப்ப, அன்னைக்கு எந்திரிக்க வேண்டிய ஆளு நாச்சிமுத்து ஒருத்தர்தான். ஹரீஷு தோளைத் தட்டிக்குடுத்துட்டு வந்தாரு. நான் கதவைத் தொறந்துவுட்டேன். தாண்டறப்ப எங்காதுல, "சோத்துக்கு மறக்காமக் கூப்பிடுங்க பிரதர்"னாரு. நான் சிரிக்கலை. சடங்கு நடக்கறப்ப பேசக்கூடாது.

மூணாவது டிகிரின்னா சாவைப் பத்தினதுங்க. இதைச் சொல்லலாம், புஸ்தகத்துலயே இருக்குது. வெளக்கையெல்லாம் கொறைச்சிருவோம். சேர வந்தவன் செத்தவனாட்டத் தரையில கெடப்பான். பொறவு மாஸ்டர் கை குடுத்து எழுப்பிவுடுவாரு. அந்த நேரத்துல ஒரு குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். ஹரீஷு தரையில கெடந்தான். மாஸ்டர் பேசிட்டிருந்தாரு. நல்ல கொரலு அவருக்கு.

அப்பத்தான் கதவுல தட்டு கேட்டுது.

ரெண்டாம் டிகிரித் தட்டு. உள்ள நடக்கறது மூணாவது. புரியுதுங்களா? தப்பான தட்டு. மூணாவது நடக்கறப்ப அந்தத் தட்டுக்குக் கதவு தொறக்க வழியே கெடையாது. நான் தொறக்கலை. உள்ள சொல்லவும் இல்லை. மாஸ்டரு பேச்சை நடுவுல நிறுத்தினா சடங்கே கெட்டுப்போயிரும்.

யாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? டைலரா இருக்கலாம். சவரிமுத்துன்னு எங்க டைலரு, வாட்டசாட்டமான ஆளு, சில நாள் மறதியில மாத்தித் தட்டிருவாரு. கீழ கிச்சன்ல கேஸ் தீந்துபோச்சுன்னு சிலிண்டர் மாத்தப் போயிட்டாருங்கறது எனக்குத் தெரியாதுங்களே. வாசலை விட்டு அவரு எறங்கியிருக்கக்கூடாது. தப்புன்னா அங்கதான் தப்பு.

கொஞ்ச நேரம் போச்சு. மறுபடியும் அதே தட்டு, மெதுவா. பொறவு மூணாந்தரம், கதவுல ரொம்பக் கீழ. அதுக்கப்புறம் இல்லை.

வாயத் தொறந்து கூப்பிட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. கூப்பிட மாட்டாரு. லாட்ஜு கதவுகிட்ட நின்னு பேரு சொல்லிக் கூப்பிடக்கூடாது, தட்டறது மட்டுந்தான்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். போனெல்லாம் வெளிய மேசைக் கூடையில கெடந்துது, எல்லாரோடதும். மனுசன் நான் சொன்ன எல்லாத்துலயும் ஒரு வார்த்தையாவது தப்பு பண்ணுவாரு. அந்தத் தட்டை மட்டும் மூணு தரமும் சுத்தமாத் தட்டினாரு.

ஹரீஷை எழுப்பியாச்சு. வெளக்கு போட்டாச்சு. அடுத்த பாகத்துக்கு அவனை வெளிய கூட்டிட்டுப் போகோணும். கதவைத் தொறந்தேன். கதவு மேல சாஞ்சு உக்காந்திருந்த நாச்சிமுத்து அப்படியே உள்பக்கமா எங்கால்மேல சரிஞ்சாரு.

ஒண்ணு சொல்றேன் தம்பி. இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. அவரு தலை எம்பாதத்து மேல கெடக்குது. எம்மனசுல மொதல்ல வந்தது என்ன தெரியுங்களா? அய்யோ, மூணாவது டிகிரி இன்னும் முடிக்கலையே, இவரு உள்ள வந்துட்டாரேன்னு. அதுதான் வந்துது. அப்புறந்தான் மத்ததெல்லாம்.

ஹரீஷோட அப்பா டாக்டருதானே, ஓடி வந்து பாத்தாரு. நெஞ்சைப் புடிச்சு அழுத்தினாரு. பொறவு நிமுந்து, பத்து நிமிசம் முன்னாடின்னா, அப்படின்னு ஆரம்பிச்சு, என்ற மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திட்டாரு.

ஊட்டுக்காரம்மாவுக்கு என்ன சொல்றது? மாஸ்டருதான் முடிவு பண்ணினாரு. சாப்பிட உக்காந்த எடத்துல, பிரதருங்க மத்தியில, நெஞ்சு வலி வந்து போயிட்டாருன்னு சொல்லுவோம். பக்கத்துல நீங்க இருந்தீங்கன்னு சொல்லுவோம், நீங்கதானே சேத்துவுட்டவருன்னாரு. சரின்னேன். அவங்க பேரு மயிலாத்தா. அன்னைக்கு எங்கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "கடைசியா என்னங்க சொன்னாரு?"

தண்ணி கேட்டாரு, குடுத்தேன்னு சொன்னேன். என்ன பண்ணச் சொல்றீங்க? மொத வருசம் தெவசத்துக்குக் கூப்பிட்டாங்க. எனக்குத்தான் மொத எலை. சாப்பிட்டு முடிச்சதும் அதே கேள்வி. அன்னைக்கு, உங்க பேரைச் சொன்னாருங்கன்னேன். அடுத்த வருசம், சிரிச்ச மொகமாப் போனாருங்கன்னேன். அதுக்கடுத்த வருசம் எங்கையைக் கெட்டியாப் புடிச்சிருந்தாருன்னேன். வருசத்துக்கொண்ணு கூடிட்டே போச்சு. அந்தம்மா தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவாங்க. ஆறுதலா இருந்திருக்கும்னு நெனச்சேன்.

எனக்கு ஆறுதல் இல்லீங்க. அந்தத் தட்டு எங்கூடவே வந்துருச்சு. பக்கத்து வீட்ல ஆசாரி வேலை நடந்தா அதுல கேக்குது. சம்சாரம் பாத்திரத்தைக் கவுத்து வெச்சா கேக்குது. ஆபீசுல ஸ்டாம்ப் குத்தற சத்தத்துல கேட்டு, எந்திரிச்சுப் போயி கதவைத் தொறந்தேன், எத்தனையோ தரம். வெளிய யாரும் இல்லைன்னா பியூன் சிரிப்பான். பயமா இருக்குதுங்க, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். இப்பெல்லாம் சம்சாரம் பகல் பூரா வாசக்கதவைத் தொறந்தே போட்டிருக்கறா. தொறந்து கெடக்கற கதவை யாரும் தட்டமாட்டாங்கன்னு அவ கணக்கு. அப்பவும் தட்டறாங்க தம்பி.

லாட்ஜுல அந்தப் பதவியை விட்டுட்டேன். இப்பப் போனா பின்வரிசையில உக்காந்துக்கறேன். நாச்சிமுத்துவுக்கு மூணாவது குடுத்திருந்தா அன்னைக்கு அவரு உள்ள எம்பக்கத்துல உக்காந்திருப்பாருன்னு ஹரீஷு ஒருநாள் சாப்பிடறப்ப சொன்னான். சின்னப்பசங்களுக்கு எதை எப்பப் பேசறதுன்னு தெரியறதில்லை.

போன வருசந்தான் விசயம் ஒடஞ்சுது. சொந்தக்காரங்கெல்லாம் போன பொறவு மயிலாத்தாம்மா எதுத்தாப்புல வந்து உக்காந்தாங்க. வழக்கம்போலக் கேட்டாங்க. நானும் ஆரம்பிச்சேன். அந்த வருசத்துக்குப் புதுசா ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன், பொண்ணைப் பத்திக் கேட்டாருன்னு. பாதியில கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"சவரிமுத்து ரெண்டாம் மாசமே வந்து எல்லாஞ் சொல்லிட்டாருங்க."

நாச்சிமுத்து போன ராத்திரி, வாசலை விட்டு ஏய்யா போனேன்னு நான் சவரிமுத்துவைத் திட்டறப்ப, மூணு தரம் தட்டு கேட்டுது, தப்பான தட்டுன்னு தொறக்கலைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அந்தாளு போயி அப்படியே ஒப்பிச்சிருக்கறாரு. ரகசியம் காக்கறதுக்குத்தானே டைலரு? பின்ன ஏனுங்கம்மா வருசா வருசம் கேட்டீங்கன்னேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கோவமெல்லாம் இல்லீங்க, அதே கொரலுதான். அப்புறம் சொன்னாங்க, "அவரு கடைசியாச் சொன்னது அந்தத் தட்டுத்தானுங்க. அதைத் தட்டிக் காட்டுங்க. ஒருக்காக் கேட்டுக்கறேன்."

முடியாதுன்னுட்டேன் தம்பி. சத்தியம் பண்ணினது, வெளியாளுக்குக் காட்டக்கூடாதுன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். "வெளியாளுங்களா நானு?"ன்னு மட்டும் கேட்டாங்க. வெத்தலை பாக்கு குடுத்து அனுப்பிவெச்சாங்க. கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க, அந்த மரியாதையில கொறை வெக்கலை.

ஒரு வருசமா அது எம்மனசை அறுத்துட்டே இருந்துது. முட்டியை மடக்கி மரத்துல தட்டறது, இது ஒரு பெரிய ரகசியமான்னு நானே கேட்டுக்குவேன். முப்பது வருசமாக் காப்பாத்தினதை விடறதான்னும் கேட்டுக்குவேன். தூக்கம் போச்சு. கடைசில, போகட்டும், செத்த மனுசனுக்காக ஒருதரம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்குக் காலையில அதுக்குன்னேதான் பஸ் ஏறினேன்.

வீட்ல அவங்க ஒருத்தர்தான் இருந்தாங்க. பொண்ணு பெங்களூர்ல, லீவு கெடைக்கலையாம். படத்துக்கு மாலை போட்டிருந்துது. அம்மா, தட்டிக் காட்டறேங்கன்னேன். எந்திரிச்சு, அப்ப வெளிய போயித் தட்டுங்க, அவரு வெளிய இருந்துதானே தட்டினாருன்னாங்க. ஞாயந்தானேன்னு போனேன். உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுது.

தட்டினேன். நல்ல தேக்குக் கதவு. தட்டு சுத்தமா விழுந்துது. தொறப்பாங்கன்னு நின்னேன். உள்ளருந்து, "இன்னொருக்கா"ன்னாங்க. தட்டினேன். இன்னொருக்கான்னாங்க. அப்படியே எத்தனை தரம்னு கணக்கு விட்டுப்போச்சு. வெயிலு மண்டையைப் பொளக்குது. பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பாத்து, ஊட்ல ஆளில்லீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. முட்டித்தோலு கிழிஞ்சுபோச்சு, பாருங்க, இந்த வெரலு. பொறவு உள்ளருந்து அந்த 'இன்னொருக்கா'வும் நின்னுபோச்சு.

நான் வாய்விட்டே கூப்பிட்டேன். அம்மா, நாந்தானுங்க, தொறங்கன்னேன். தலை சுத்துது, கொஞ்சந் தண்ணி குடுங்கன்னுகூடக் கேட்டேன். பதிலே இல்லை. உள்ள போகலீங்க அவங்க. கதவுக்கு அந்தப்பக்கமே நின்னுட்டிருந்தாங்க, மூச்சு விடறது எனக்குக் கேக்குது. ஒரு சாண் தூரம் இருக்குமா? பலகைதான் நடுவுல.

எவ்வளவு நேரம்னு தெரியலை. கடைசி வரைக்கும் தொறக்கலை. ஸ்டாண்டுக்கு நடந்து வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சேன். எனக்கு ஒண்ணுதான் தம்பி வெளங்கலை. வெளிய நிக்கறது யாருன்னு அந்தம்மாவுக்கு நல்லாத் தெரியும். கஷ்டப்படறேன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, கையை நீட்டினாத் தாழ்ப்பாளு, ஒரு மனுச ஜென்மத்தால அப்படிச் சும்மா நிக்க முடியுமுங்களா?